பன்னிரண்டு கையும் ஒரு வேலைநிறுத்தமும்

பெற்றீசியா மூன்று மாதம் பாடுபட்டு உருவாக்கிய பெண், தொலைக்காட்சிப் பெட்டியின் கறுப்புத் திரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். விரிவுரையாளர் சிவசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"பிள்ளை, இவ கொழுந்து எடுக்கிறாவோ, நுளம்பு அடிக்கிறாவோ?"

திரையில் கை பூச்சி விரட்டுவதுபோலத்தான் வெட்டி வெட்டி அசைந்தது. கேள்வி நியாயமானதாக இருந்ததுதான் பெற்றீசியாவுக்கு எரிச்சல். அது எண்பத்தைந்தாம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் கணினியில் படம் வரைந்து அசைய வைக்கும் பாடத்தை எடுத்தவர்கள் ஐந்து பேர், இருந்த கணினி ஒன்று. மற்ற நால்வரும் கெட்டிக்காரர்கள். ஆளுக்கொரு பந்தைத் துள்ள வைத்துவிட்டுக் கன்டீனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து துள்ளுவதில் யார் குறை கண்டுபிடிக்கப்போகிறார்கள்? இவள்தான், திம்புள்ளப் பக்கம் வட்டக்கல் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த வீறாப்பில், கொழுந்தெடுக்கும் பெண்ணை வரைகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அடுத்த மாதம் வெளியிலிருந்து பரீட்சகர் வருகிறார். பெண் சரியாக அசையாவிட்டால் பெற்றீசியா இறுதி வருடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

ஆகவே கட்டம் போட்ட தாள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ரயிலேறினாள். வட்டக்கல்லில் கொழுந்தெடுப்பதில் அவளுடைய அம்மா மரியநாயகியை மிஞ்ச ஆளில்லை.

காலையில் ஐந்தாம் நம்பர் மலையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மரியநாயகி மகளுக்குச் செய்து காட்டினாள். கை போனது, வந்தது. கூடையில் கொழுந்து விழுந்தது. நடுவில் என்ன நடந்தது என்று கடவுளுக்கே வெளிச்சம்.

"கொஞ்சம் மெதுவா எடுங்கம்மா."

"மெதுவாவா? எனக்கு மெதுவா எடுக்கத் தெரியாதுடி."

பொய்யில்லை. மெதுவாக எடுக்கப் போய் முற்றிய இலையைப் பிடுங்கிவிட்டாள். இருபத்தைந்து வருடத்தில் நடக்காத அவமானம் அது. யாரும் பார்க்குமுன் இலையை இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்குக்குள் ஒளித்துக்கொண்டாள்.

படம் அசைவது என்பது சுத்த ஏமாற்று வேலை. அசையாத பன்னிரண்டு படங்களை வரிசையாகக் காட்டினால் கண் தானாகவே ஏமாந்துபோகும். அம்மாவின் ஒரு கை பன்னிரண்டு இடத்தில் நிற்காது என்றால், பன்னிரண்டு பேருடைய கை ஆளுக்கோரிடத்தில் நிற்கலாமே என்று பெற்றீசியாவுக்குத் தோன்றியது. படித்த பிள்ளைகளுக்கு இப்படித்தான் விபரீதமாக ஏதாவது தோன்றும்.

"எங்கள டிவியில காட்டுவியா?" என்று கேட்டாள் பக்கத்து நிரையில் நின்ற அம்மாக்கண்ணு. பத்துக் கை கொழுந்தெடுத்தால் ஒருவாய் வெற்றிலை போடாமல் அவளுக்கு வேலை ஓடாது. அதற்காகத் தினமும் வசவு வாங்குவாள், தினமும் போடுவாள்.

"கை மட்டுந்தான் வரும், அக்கா."

"கை வந்தாப் போதும். இரு, வளையல முன்னுக்குத் தள்ளிக்கிறேன்."

பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் ஆளின் விரல் துளிரைத் தொட்டபடி நின்றது. அடுத்தவள் கிள்ளிய நிலையில், அதற்கடுத்தவள் கையைச் சற்றே தூக்கியபடி. ஒன்பதாவதாக நின்ற அம்மாக்கண்ணுவின் கை தோளுக்குப் பின்னால் கூடைக்கு மேல் இருந்தது. பன்னிரண்டாவது ஆளின் கை மறுபடியும் செடிக்குத் திரும்பியிருந்தது. பெற்றீசியா வரிசையோரமாக ஒருமுறை வேகமாக ஓடிப் பார்த்தாள். பன்னிரண்டு கையும் சேர்ந்து அம்மாவின் ஒரே கையாக அசைந்தது. "யாரும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு செடிக்குப் பின்னால் குந்தி வரைய ஆரம்பித்தாள்.

மேல் ரோட்டில் வந்த கண்டாக்கையா றோலண்ட், கீழே பார்த்தார்.

தோட்டத்து வேலைகளை இருபது வருடமாக மேற்பார்த்தவர் அவர். உட்கார்ந்து செய்யும் வேலைநிறுத்தம் பார்த்திருக்கிறார், லயத்துக்குத் திரும்பிப் போவதையும் பார்த்திருக்கிறார். செடிக்குள் கையை விட்டபடி, ஆளுக்கொரு உயரத்தில், மூச்சுப் பேச்சில்லாமல் நிற்பதைப் பார்த்ததில்லை. நேரே தோட்ட நிர்வாகியான துரையிடம் ஓடினார்.

"தொரை, இது புது மாதிரி ஸ்ட்ரைக்குங்க. வேலை செய்றாங்க, ஆனா செய்யல."

துரை ஜீப்பில் வந்து சேர்வதற்குள் தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டியும் கொடியோடு வந்துவிட்டார். எங்கே தகராறு என்றாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"என்னா வேணும் இவங்களுக்கு?" என்று துரை தமக்குத் தெரிந்த தமிழில் பழனியாண்டியைக் கேட்டார்.

பழனியாண்டிக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்ல ஒரு தலைவரால் முடியுமா? "அத அவங்க வாயாலயே கேட்டுக்குங்க, தொரை" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுக் கொடியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

செடிக்குப் பின்னால் பெற்றீசியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் வேலை நேரத்தில் விளையாடியதாக அம்மா உட்படப் பன்னிரண்டு பேருக்கும் வேலை போகும். சொல்லாமல் ஓடினால் படம் போகும், இன்னும் மூன்று கை வரைய வேண்டியிருந்தது. பயந்துகொண்டே பென்சிலைச் சீவினாள்.

அம்மாக்கண்ணுவுக்கோ தோள் விட்டுப்போயிற்று, வெற்றிலை நேரமும் தாண்டிவிட்டது. அந்தக் கோபத்தில் கையை இறக்காமலே பேசினாள்.

"கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கூரைத் தகரம் போடணும். நிறுத்து முடியிற வரைக்கும் நாங்க மழையில நனையிறோம்."

துரை வானத்தைப் பார்த்தார். தூறிக்கொண்டுதான் இருந்தது. "சரி. அடுத்த கிழமை போடுறது. இப்ப கைய எறக்கு."

ஒரு கையும் இறங்கவில்லை. பெற்றீசியா சொல்லாமல் அவர்கள் எப்படி இறக்குவார்கள்? பன்னிரண்டாவது கையில் சுண்டுவிரல் பாக்கி. துரையின் முகத்தில் ஈயாடவில்லை.

"சரி, சரி. லயத்துக்குத் தண்ணி பைப்பும் போடுறது."

"முடிஞ்சிச்சும்மா" என்று செடிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. பன்னிரண்டு கைகளும் ஒரே நேரத்தில் இறங்கின. றோலண்ட் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தப் போராட்டத்தைத் தாம் எத்தனை மாதமாகத் திட்டமிட்டார் என்பதைப் பழனியாண்டி ராகலை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பரீட்சை நாளன்று மரியநாயகி பூசைக்குக் கட்டும் சேலையில் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். முன்னால் பரீட்சகரும், பல்கலைக்கழகப் பீடத்தின் தலைவரான பீடாதிபதியும். நான்கு பந்துகள் துள்ளி முடிந்தன. பெற்றீசியா விசையை அழுத்தினாள். திரையில் கை துளிரைத் தொட்டது, கிள்ளியது, உயர்ந்தது. நுளம்பு அடிக்கவில்லை, அம்மாவின் கையேதான். சிவசாமி தலையாட்டினார்.

ஒன்பதாவது படத்தில் கை கூடைக்கு மேல் நின்றது. நின்றது நின்றதுதான். சின்னக் கணினி அது. ஒன்பது படத்துக்கு மேல் அதன் தலையில் ஏறவில்லை.

"ஏன் நிற்கிறது?" என்றார் பரீட்சகர், பேனாவைத் திறந்தபடி. பெற்றீசியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஸ்ட்ரைக்குங்க, ஐயா" என்றாள் கடைசி வாங்கிலிருந்து மரியநாயகி. "அதுக்கு என்ன வேணுமின்னு யாராச்சும் கேட்டீங்களா?"

சிவசாமி மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"மெமரி வேணும், அம்மா. ஸ்டோரில ஆறு மாசமாக் கிடக்குது. எடுக்கிறதுக்குப் பீடாதிபதியிட கையெழுத்துத்தான் இல்லை. நானும் கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனன்."

பீடாதிபதிக்குத் தமிழ் தெரியும். தெரியாதவர்போல ஜன்னலைப் பார்த்தார்.

"கேட்டாக் குடுக்க மாட்டாங்க, ஐயா. இது மாதிரி நின்னாத்தான் குடுப்பாங்க."

சிவசாமி சற்று யோசித்தார். பிறகு அந்தப் பெரிய மனிதர், கழுத்துப்பட்டியோடு, வலது கையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். பெற்றீசியாவும் தூக்கினாள். பந்துக்காரர்கள் நான்கு பேரும் தூக்கினார்கள். மரியநாயகி எழுந்து போய் அவர்கள் முழங்கைகளைச் சரிபண்ணிவிட்டாள். பரீட்சகர் பீடாதிபதியைப் பார்த்தார். பீடாதிபதி பேனாவைத் தேடினார்.

மத்தியானத்துக்குள் மெமரி வந்து பொருத்தப்பட்டது. பன்னிரண்டு படம் போக இடம் மிச்சமிருந்ததால் பெற்றீசியா அவசரமாக இன்னும் இரண்டு படம் சேர்த்தாள். பெண் இப்போது தடையில்லாமல் கொழுந்தெடுத்தாள். எட்டுக் கை, ஒன்பது கை, பத்துக் கை. பத்தாவதோடு நின்றுவிட்டாள்.

"மறுபடியுமா?" என்றார் பரீட்சகர்.

"இது மெஷின் இல்ல, சேர்" என்றாள் பெற்றீசியா. "வெத்திலை போடுறாங்க."

பரீட்சகர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெண் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி செடிக்குக் கையை நீட்டிய பிறகுதான் 'திறமைச் சித்தி' என்று உயர்ந்த தேர்ச்சி எழுதினார்.