வாழை கட்டிய குடில்

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடிலை வீட்டுக்கு வெளியேதான் கட்டுவது என்று அருளப்பன் ஒற்றைக்காலில் நின்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தோட்டத்து லயத்தில் குடும்பத்துக்கு ஒரு அறை. அதில் அவன், அவன் மனைவி வினிஃப்ரெட், நாலு வயது மகள் பியாட்ரிஸ் மூவரும் படுத்தால் மிச்சம் ஒரு முழ இடம் இருக்கும். போன வருஷம் பழைய லயத்தில் அப்படி ஒரு முழத்தில் குடில் வைத்து, விடிவதற்குள் எலி வந்து சூசையப்பரின் தலையைக் கொறித்துவிட்டுப் போனது.

“மழ இப்படிக் கொட்டுது. வெளிய எதுக்குங்க?” என்றாள் வினிஃப்ரெட்.

“கொட்டட்டும்லா. மாட்டுக் கொட்டாயில பொறந்தவருக்கு மழையா பெருசு?” என்றான் அவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, டிசம்பர் மாதம். சிங்கப்பூருக்கு அக்கரையில், மாசாய்க்கு வடக்கே காட்டை வெட்டி ரப்பர் போட்டு, அந்த வருஷம்தான் பால் வெட்டத் தொடங்கியிருந்த தோட்டம் அது. பழைய லயத்திலிருந்து இவர்கள் பன்னிரண்டு குடும்பங்களை அந்த ஜூன் மாதம்தான் இங்கே கொண்டுவந்து குடி வைத்திருந்தார்கள். முன்வாசலிலிருந்து முப்பது தப்படி வைத்தால் காடு. பெயருக்கு ஒரு கம்பி வேலி உண்டு. அதையும் நவம்பர் மழை பாதி சாய்த்துவிட்டது.

மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. காலையில் பெரட்டுக்குப் போய் ஆள் கணக்குக்கு வரிசையில் நின்றுவிட்டு ஆட்கள் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். சும்மா இருந்து பழகாத கைகள். அருளப்பன் நாலு குச்சி நட்டதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு ஐயாசாமி வந்து, “என்னா அருளு, கோழிக்கூடா கட்டுற?” என்று கேட்டான். குடில் என்று சொன்னதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. லயத்தில் வேதக்காரர் வீடு இது ஒன்றுதான். மற்ற பதினொன்றும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் வீடுகள். அதனால் என்ன? சாமி பிறக்கிற இடம் கோழிக்கூடு மாதிரி இருந்தால் லயத்துக்கே அல்லவா கேவலம்!

“நல்ல காரியத்துக்கு வாழ கட்டாமயா? தள்ளு நீ,” என்றான் ஐயாசாமி.

அவ்வளவுதான். குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். குலை தள்ளிய வாழைமரம் நாலு வந்து நாலு மூலைக்கும் நின்றது. ஐயாசாமியின் மனைவி காளியம்மா தன் பாத்தியிலிருந்த கரும்பை வெட்டிக் கொடுத்தாள்; அது குறுக்குச் சட்டமானது. மேலே தென்னங்கீற்று, கீழே லாலான் புல். புற்றுமண்ணைப் பிசைந்து அருளப்பன் மாதாவையும் சூசையப்பரையும் செய்தான். கழுதை செய்கிறேன் என்று ஐயாசாமி உட்கார்ந்தான். அவன் ஊரைவிட்டு வந்து இருபது வருஷம். கழுதையின் முகம் மறந்துபோய், அவன் கையில் அது பன்றியாகப் பிறந்தது. அப்படியே அதையும் உள்ளே நிறுத்தினார்கள். ஒரு பெரிய ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் குடில் எழுந்து நின்றபோது எல்லாருக்கும் பெருமை பிடிபடவில்லை.

வாசலில் வாழை கட்டினால் வருகிறவர்கள் மனிதர்கள் என்பதுதான் அவர்கள் கண்ட உலகம். எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா பார்த்தவர்கள்! காட்டு ஓரத்தில், மழைக்காலத்தில், பழுத்த குலையும் வெட்டிய கரும்பும் வைத்தால் அந்த வாசனை வேறு யார் மூக்குக்குப் போகும் என்று பன்னிரண்டு வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வினிஃப்ரெட்டுக்கும் தோன்றவில்லை. அவள் குடில் பக்கமே அதிகம் போகவில்லை. சிங்கப்பூரில் கன்னியாஸ்திரீகள் எடுத்து வளர்த்த பெண் அவள். பெயரும் அவர்கள் வைத்ததுதான். பதினெட்டு வயதில் அருளப்பனுக்குக் கட்டிக்கொடுத்து, ஜெபமாலையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பியாட்ரிஸுக்கு முன்னால் அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் காய்ச்சலில் போய், பழைய லயத்துக்குப் பின்னால் மேட்டில் படுத்திருக்கின்றன. மூன்றாவதைப் புதைத்த நாளிலிருந்து அவளுக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஜெபமாலை சொல்லும்போது உதடு மட்டும் அசையும். அது புருஷனுக்காக. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எப்போதாவது வாயெடுத்தால், “போனதப் பேசி என்னா ஆகப் போவுது, விடு புள்ள,” என்று அருளப்பன் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஆகவே நாலாவதை அவள் யாரையும் நம்பி விடவில்லை. பியாட்ரிஸ் தும்மினால் இவள் இராத்திரி முழுக்க நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். தூங்கும்போதுகூடக் குழந்தையின் கை இவள் முந்தானையில் முடிந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் சாயங்காலம் அருளப்பன் ஜெபம் சொல்லி, குழந்தை இயேசுவைப் புல்லின்மேல் கிடத்தினான். லயமே கூடி நின்று பார்த்தது. பியாட்ரிஸ் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

“பாப்பாவுக்குப் போர்வ இல்ல. குளிரும்மா.”

“மண்ணு பொம்மைக்குக் குளிராது. வா உள்ள,” என்றாள் வினிஃப்ரெட். அருளப்பன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் பெரட்டு கிடையாது. வெளுக்கத் தொடங்கும்போதே வினிஃப்ரெட் எழுந்தாள். பண்டிகை நாளில் பிள்ளை கண் விழிக்கும்போது ஆப்பமாவது சூடாக இருக்க வேண்டாமா? முந்தானை முடிச்சை மெல்ல அவிழ்த்து, பிள்ளையை மூடிவிட்டு, பின்பக்கம் அடுப்படிக்குப் போனாள். மழை விட்டிருந்தது. விறகு ஈரம். ஊதி ஊதி நெருப்புப் பிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பாய் காலியாக இருந்தது. போர்வையும் இல்லை. முன்கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

எங்கே போயிருப்பாள் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வையவேண்டும் என்று வாயைத் திறந்துகொண்டே கதவைத் தள்ளினாள்.

குடில் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சுவர் நின்றது. நேற்று இல்லாத சுவர் எப்படி வந்தது என்று அவள் ஒரு கணம் மலைத்தாள். பிறகு அந்தச் சுவர் மூச்சு விட்டது.

ஐந்து யானைகள். நாலு பெரியவை, ஒரு குட்டி. முதுகிலிருந்து ஆவி எழுந்து பனியோடு கலந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய உயிர்கள் எப்படிச் சத்தமே இல்லாமல் வந்தன? வாழைத்தண்டு நறுக்கென்று முறியும் சத்தம், மெல்லும் சத்தம், வயிற்றுக்குள்ளிருந்து எழும் ஒரு உறுமல். அந்த உறுமல் காதுக்குக் கேட்பதற்கு முன்னால் அவள் காலடி மண்ணில் கேட்டது. பயம் ஒரு பக்கம் இருக்க, அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. கோயிலில்கூட அவள் அப்படி நின்றதில்லை.

குடிலின் இரண்டு கால்கள் போய்விட்டன. கூரை ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்குள்ளேதான் பிள்ளை.

அருளப்பன் எழுந்து வந்து பின்னால் நின்றான். அவள் கையைப் பின்னுக்கு நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “உள்ள இருக்கா,” என்றாள்.

அடுத்த கதவு திறந்தது. ஐயாசாமி மண்ணெண்ணெய் டின்னும் கட்டையுமாக வெளியே வந்தான். யானை வந்தால் டின் தட்டி விரட்ட வேண்டும். இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. அவன் கட்டையை ஓங்கியும் விட்டான். அந்த ஒரு அடி விழுந்தால் ஐந்து யானையும் மிரண்டு எந்தப் பக்கம் ஓடும்? அவற்றின் காலடியில் சாய்ந்து நிற்கிறது ஒரு கீற்றுக் கூரை. வினிஃப்ரெட் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி அவனைப் பார்த்தாள். ஐயாசாமி அவள் முகத்தைப் பார்த்தான், குடிலைப் பார்த்தான், புரிந்துகொண்டான். ஓங்கிய கை அப்படியே நின்றது. கதவுக்குக் கதவு அந்தச் சைகை போயிற்று. கைக்குழந்தைகளின் வாயில் தாய்மார்கள் முலையை வைத்து அமர்த்தினார்கள். லயம் முழுக்க விழித்திருந்தது. ஒரு ஆள் மூச்சுக் காட்டவில்லை.

“நான் போறேன்,” என்றான் அருளப்பன், சத்தம் வராமல்.

அவள் அவனைத் தடுக்கவில்லை. ஆனால் நடந்தது அவள்தான். கால் போயிற்று.

பத்தடி இருக்கும்போது, குட்டியின் தாய் துதிக்கையை நீட்டிக் கூரைக் கீற்றைப் பிடித்தது. பிய்த்து எறியும் என்று வினிஃப்ரெட் கண்ணை மூடப் போனாள். அது எறியவில்லை. பானை மூடியைத் திறக்கிற பதத்தில் கீற்றைத் தூக்கி ஓரமாக வைத்தது. உள்ளே புல்லின்மேல் பியாட்ரிஸ் உட்கார்ந்திருந்தாள். பாதிப் போர்வை அவள்மேல், பாதி மண் குழந்தையின்மேல். தலையை அண்ணாந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் இல்லை. அவ்வளவு பெரியதைப் பார்க்க அந்தச் சின்னக் கண்கள் போதாமல் திணறின, அவ்வளவுதான்.

துதிக்கை இறங்கி வந்தது. பிள்ளையின் தலையை முகர்ந்தது, காதை முகர்ந்தது, கழுத்தில் ஊதியது. பியாட்ரிஸ் கூச்சத்தில் தோளைக் குறுக்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு லயம் முழுக்கக் கேட்டது. யாரோ, “பிள்ளையாரப்பா,” என்று முனகினார்கள். குட்டி யானை தாயின் காலுக்கிடையிலிருந்து வெளியே வந்து, போர்வையின் ஒரு முனையைப் பற்றி இழுத்தது.

“தா! பாப்பாவோடது,” என்று பியாட்ரிஸ் மறுமுனையை இழுத்தாள்.

தாயின் காதுகள் விரிந்தன. தலை உயர்ந்தது. மற்ற மூன்றும் மெல்லுவதை நிறுத்திவிட்டன.

வினிஃப்ரெட் இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். இப்போது கை நீட்டினால் தொடலாம். அந்தச் சின்னக் கண்ணை, அதைச் சுற்றியிருந்த சுருக்கங்களை, நீளமான இமை மயிரை அவள் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. அப்போது அவள் பேசினாள். என்ன பேசினாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. உதடு அசைந்ததைத்தான் கண்டார்கள். நின்று, நிதானமாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் பேசினாள். பேசப் பேச அவளுக்கு ஒன்று தெரிந்தது. அந்தப் பெரிய காலின் தோல் நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்காலுக்கு மேலே, நிற்காமல், மெல்லிசாக நடுங்கியது. இவளுக்குப் பயப்படுகிறது! ஒரு மரத்தைச் சாய்க்கிற உடம்பு, இந்த ஒடிசலான பெண்பிள்ளை தன் குட்டியை என்ன செய்துவிடுவாளோ என்று நடுங்குகிறது.

வினிஃப்ரெட் குனிந்து மகளை அள்ளினாள். அதே நேரம் துதிக்கை குட்டியைச் சுற்றி வளைத்து வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. போர்வை நடுவில் சேற்றில் விழுந்தது. இவள் திரும்பாமல் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். அதுவும் ஒரு எட்டு பின்னால் வைத்தது. இன்னொரு எட்டு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே பின்வாங்கினார்கள். அவ்வளவையும் அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள். பிறகு பனியில் முதுகுகள் திரும்பின, காடு வாங்கிக்கொண்டது. ஒரு கிளைகூட அசையவில்லை.

ஐயாசாமியின் கையிலிருந்த டின் நழுவி விழுந்து கடகடவென்று உருண்டது. அந்தச் சத்தத்தில்தான் எல்லாருக்கும் உயிர் வந்தது. காளியம்மா ஓவென்று அழுதுகொண்டு ஓடிவந்து பிள்ளையின் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

“அம்மா, அது பாப்பாவத் திங்கல. வாழப்பழம் மட்டும்தான் தின்னுச்சு,” என்றாள் பியாட்ரிஸ். வினிஃப்ரெட் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே இறுக்கிக்கொண்டாள்.

அலமாக் என்று ஆளாளுக்கு வாய் பிளந்து, அப்புறம் ஆரம்பித்தது பேச்சு! சாட்சாத் கணபதி குடும்பத்தோடு வந்து குடிலில் பிறந்த சின்னச்சாமியைப் பார்த்துவிட்டுப் போனார் என்றான் ஐயாசாமி. வரிசைக் கடைசி வீட்டுக்காரர்கள் காலடித் தடத்துக்குப் பூப் போட்டார்கள். ஒவ்வொரு தடத்திலும் பியாட்ரிஸ் இரண்டு காலையும் வைத்து நின்று பார்க்க இடமிருந்தது. அருளப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மனைவியிடம் வந்தான். அவள் வாசலில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில்.

“எந்த மாதாவ வேண்டிக்கிட்ட, சொல்லு புள்ள. நேர்த்திக்கடன் இருந்தா செஞ்சிரலாம்,” என்றான்.

“மாதாவ எங்கங்க நெனச்சேன். யானகிட்டதான் பேசுனேன்.”

“யானகிட்டயா? என்னான்னு?”

“எனக்கு நாலு புள்ளைங்க, மூணு போயிருச்சு, இது ஒண்ணுதான் இருக்குன்னு. மூணு பேரோட பேரையும் சொன்னேன். எப்படிப் போனாங்கன்னும் சொன்னேன்.” அவள் மகளின் தலையைத் தடவினாள். “நின்னு கேட்டுச்சுங்க. இத்தன வருஷத்துல அதுதான் கேட்டுச்சு.”

எழுந்து போகிற பழக்கம்தான் அருளப்பனுக்கு. போகத் திரும்பியும் விட்டான். பிறகு திரும்பி வந்து, அவள் பக்கத்தில் அந்த ஈரத்தில் உட்கார்ந்தான்.

“எங்கிட்டயும் சொல்லு,” என்றான்.

அவள் மூத்தவனிலிருந்து ஆரம்பித்தாள்.