என் பங்கை அரிசியாகக் கொடுங்கள்

“எனக்குக் கஞ்சி வாணாம்மா. என் பங்க அரிசியா குடுத்துடுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் ரஹீமுன்னிசாவுக்குத் திக்கென்றது. இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு. வாயை விட்டு வெளியே வந்ததும் என்னமோ திமிர்ப் பேச்சு மாதிரி இருந்தது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் ஒருத்தி சிரித்தாள்.

அகப்பையைக் கஞ்சிக்குள் விட்டபடியே நிமிர்ந்தாள் சுகிர்தம்.

“என்ன சொல்லுதே?”

“ஒரு ஆளுக்கு எத்தினி அரிசி போடுவீங்களோ அத்தினி போதும். ஒரு புடி. நானே பொங்கிக்கிறேன்.”

“அப்படிக் குடுக்க முடியாதும்மா. சமைச்சுத்தான் போடுவோம்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்து வாங்கின அரிசில்லா இது. அரிசியாக் குடுத்தா வெளியில வித்துருவாங்கன்னு பயப்படுதாங்க. தட்டை நீட்டு.”

ரஹீமுன்னிசா தட்டை நீட்டினாள். சூடான கஞ்சி விழுந்தது. இன்றைக்கும் அடி பிடித்திருந்தது.

ரேஷன் கார்டு வந்த வருஷம் அது. கல்மண்டபத்துக்கு வடக்கே, துறைமுகத்துக்குப் போகும் சாலையில், தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து மளிகை மண்டி வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய சின்னக் கோயில் ஒன்று இருந்தது. அதன் மதிலை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகை. அரிசி விலை ஏறிப் போய் ஜனங்கள் கோயில் வாசலில் வந்து உட்காரத் தொடங்கியதும், மண்டிக்காரர் தவசிமுத்துவும் அவர் மனைவி சுகிர்தமும் அந்தக் கொட்டகையில் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார்கள். உச்சிவேளையில் மணி அடிக்கும். சின்னதாக ஒரு ஜெபம். பிறகு கஞ்சி. நீ யார், என்ன சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. ஐப்பசி மழையில் கால்வாய் பெருகிக் குடிசைகளை அடித்துக்கொண்டு போன பிறகு, நாற்பது பேராக இருந்த வரிசை இருநூறு பேராகிவிட்டது. அந்த மழையில் குடிசை போனவர்களில், அடுப்பு வைக்கவும் இடமில்லாமல் யாரோ ஒருவர் குடிசை மூலையில் ஒண்டிக்கொண்டிருந்த ரஹீமுன்னிசாவும் ஒருத்தி.

அவள் பிறந்தது வண்ணாரப்பேட்டை. வாழ்ந்தது ரங்கூன். புருஷன் லியாகத் அலிக்கு அங்கே மரவாடியில் வேலை. குழந்தை இல்லை. குண்டு விழுந்த வாரம், பெண்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பலில் அவளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. “நீ முன்னால போ, நான் நடந்தாவது பின்னாலயே வரேன்” என்று அவளை ஏற்றிவிட்டார். பட்டணத்தில் வந்து இறங்கினால், வண்ணாரப்பேட்டையில் இருந்த அண்ணன் குடும்பம் ஜப்பான்காரன் பயத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கோ போயிருந்தது. அன்றிலிருந்து அவள் துறைமுகத்தை விட்டு ஒரு மைல் தூரம் தள்ளிப் போனதில்லை. வருகிறவர் எங்கே போய்த் தேடுவார்?

எல்லாருக்கும் ஊற்றி முடிந்த பிறகு சுகிர்தம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தாள்.

“கஞ்சி நல்லா இல்லியா?”

“நல்லா கீதும்மா.”

“பின்ன ஏன் அப்படிக் கேட்டே?”

“நான் அடுப்பு மூட்டி ரெண்டு வருசமாவுதும்மா” என்றாள்.

“அதுக்குத்தானே நாங்க இருக்கோம். நீ எதுக்குக் கஷ்டப்படணும்?”

அந்த அம்மாள் அதை உள்ளபடியே அன்பாகத்தான் சொன்னாள். ரஹீமுன்னிசா தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப இங்கியே வந்து நான் கிண்டித் தரட்டுமா? அடி புடிக்காம பாத்துக்கிறேன்” என்றாள்.

சுகிர்தம் வரிசை இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தாள். “எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா திங்கிறவங்கள்ல சில பேரு… வேதக்காரங்க நாங்க காய்ச்சுறதையே யோசிச்சுதான் வாங்குதாங்க.”

“புரியுதும்மா.”

மறுநாள் அவள் கஞ்சிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

விடிந்ததும் கடற்கரைக்குப் போனாள். வலை இறங்கும் இடத்தில் இறால் உரிக்க ஆள் வேண்டியிருந்தது. விரல் நுனியெல்லாம் கிழியும். காசு நாலணாவுக்கு மேல் தேறாது. அந்தக் காசில் டீயும் பன்னும் வாங்கி வயிற்றைச் சமாளித்துக்கொண்டு, மிச்சத்தில் இரண்டு மண்சட்டி வாங்கினாள். அடுத்த நாள் புளி, மிளகாய், கொஞ்சம் உப்பு. ரயில் பாதை ஓரத்தில் சுள்ளியும் கரித்துண்டும் பொறுக்கினாள். அவள் படுத்துக்கொண்டிருந்தது ஓர் உப்புக் கிடங்கின் தாழ்வாரத்தில். காவல்காரர் கோதண்டத்திடம் அடுப்பு வைக்கலாமா என்று கேட்டாள்.

“வெச்சுக்கோயேன். உள்ள கீறது உப்புதான். உப்பா எரியப் போவுது?” என்றார் அவர்.

மூன்று செங்கல்லை வைத்து அடுப்புக் கூட்டினாள். மூன்றாம் நாள் கூலியோடு ஒரு கைப்பிடி காரப்பொடி மீனும் கிடைத்தது. கழுவி இலையில் வைத்துவிட்டாள். எல்லாம் இருந்தது. அரிசி மட்டும் இல்லை. வெறும் குழம்பை வைத்து யாருக்கு ஊற்றுவது என்று அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் சுகிர்தம் விசாரித்துக்கொண்டு வந்து நின்றாள். வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது.

“மூணு நாளா ஆளைக் காணோமே. மேலுக்குச் சுகமில்லியோன்னு பாக்க வந்தேன்.”

அடுப்பையும் சட்டியையும் இலையில் இருந்த மீனையும் அவள் பார்த்தாள்.

“ஏன் இன்னும் மூட்டல?”

“அரிசி இல்லம்மா.”

“கார்டு வாங்கலியா?”

“வூடு இல்லாதவளுக்கு இன்னா கார்டு? கணக்கு எடுக்க வந்தவரு இந்தத் தாவாரத்துக்குக் கதவு நம்பரு இல்லன்னுட்டாரு. புருசன் கீறானா செத்துட்டானான்னு வேற கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“ஒண்ணியும் சொல்லல. எழுந்து வந்துட்டேன்.”

சுகிர்தம் திரும்பி நடந்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு மனசு வருத்தம் என்று ரஹீமுன்னிசா நினைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது.

“இது கோயில் அரிசி இல்ல. என் வீட்டு அரிசி. எங்க கார்டுல எனக்கு வார பங்கு. இன்னைக்கு எனக்கு உலை வைக்க வேண்டாம்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். அதனால எனக்கும் சேத்துத்தான் பொங்கணும், பாத்துக்கோ.”

ரஹீமுன்னிசா இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அரிசி கொட்டிய சத்தம்கூடக் கேட்டது. கல்லும் நெல்லும் கலந்த ரேஷன் அரிசிதான். அதைத் தட்டில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் பொறுக்கினாள். களைந்த தண்ணீரைக் கீழே கொட்ட மனமில்லாமல் புளி கரைக்க வைத்துக்கொண்டாள். சுள்ளி ஈரம், முதலில் புகைந்தது. குனிந்து ஊதினாள். கண் எரிந்தது. அந்த எரிச்சலைக்கூட அவள் மறந்து போயிருந்தாள்.

தீ பிடித்துக்கொண்டதும் அவளுக்குப் பேச்சு வந்தது. ரங்கூனில் மீனுக்கு மாங்காய் போடுவார்கள் என்றாள். அங்கே அரிசி முத்து மாதிரி இருக்கும், ஒரு தரம் கொதித்தால் போதும் என்றாள். சுகிர்தம் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தங்கள் ஊரில் தேங்காய் அரைத்து ஊற்றாமல் மீன்குழம்பே கிடையாது என்றாள். கொட்டகையில் இரண்டு பேரும் இத்தனை வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

சோறு வெந்தது. அதை இறக்கிவிட்டுக் குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். தட்டை மூடியாகப் பிடித்து, துணியால் சட்டியைப் பற்றிச் சாய்த்து, கஞ்சியைத் தகரக் குவளையில் வடித்தாள். ஒரு கல் உப்பைப் போட்டு, குவளையை ஒரு சுற்றுச் சுற்றி, தலையைத் திருப்பாமலே இடது கையால் பக்கத்தில் நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

மரவாடியிலிருந்து மத்தியானம் வந்ததும் லியாகத் அலி சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுக்களை நிலைப்படியில் வந்து நிற்பார். முதலில் வடிகஞ்சி. அதைக் குடித்துவிட்டுத்தான் பேச்சே. பதினாலு வருஷம், ஒரு நாள் தவறாமல், அந்தக் குவளையை அவள் பார்க்காமல் நீட்டுவாள், அவர் வாங்கிக்கொள்வார். இப்போது அந்தப் பக்கத்தில் நிலைப்படி இல்லை. சாலை இருந்தது. சாலைக்கு அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன.

சுகிர்தம் தனக்குத்தான் என்று நினைத்துக் கை நீட்டியவள், அவள் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

இத்தனை நாளும் ரஹீமுன்னிசா தனக்கு வேண்டியது ஓர் அடுப்புதான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஓர் அடுப்பும் ஒரு பிடி அரிசியும் கிடைத்துவிட்டால் நெஞ்சில் இருக்கும் இந்தப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தாள். இறங்கவில்லை. வயிற்றுப் பசியும் இடமில்லாத அலைச்சலும் மறைத்து வைத்திருந்ததெல்லாம் சோற்று வாசனையோடு ஒரேயடியாக எழுந்து வந்தது. கப்பலில் ஏறியபோது அழாதவள், குடிசை மிதந்து போனபோது அழாதவள், குவளையைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

சுகிர்தம் ஜெபம் செய்யவில்லை. ஆறுதல் வசனம் எதுவும் சொல்லவில்லை. எழுந்து வந்து, குழம்பு அடிபிடிக்காமல் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து இருவரும் சாப்பிட்டார்கள். “அம்மாடி, என்ன காரம்!” என்று சுகிர்தம் மூக்கை உறிஞ்சினாள். உறிஞ்சிக்கொண்டே இன்னொரு கை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் தவசிமுத்து, கோயில் மதிலை ஒட்டி விறகு போட்டிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார். அதற்குக் கதவு இருந்தது, நம்பரும் இருந்தது. கார்டு எழுதும் ஆபீசுக்கு சுகிர்தமே கூட வந்தாள்.

“குடும்பத் தலைவர்?” என்று கேட்டார் குமாஸ்தா.

“லியாகத் அலி.”

“ஆள் எங்கே?”

“வந்துகினு கீறாரு.”

குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு சுகிர்தத்தைப் பார்த்தார். பொய் சொல்ல அந்த அம்மாளால் முடியாது. அது ரஹீமுன்னிசாவுக்கும் தெரியும்.

“பேரை அப்படியே எழுதிக்கிடுங்க ஐயா. அரிசி ஒரு ஆளுக்குப் போடுங்க. அவர் வந்த அன்னைக்கு நானே கூட்டிட்டு வந்து ரெண்டுன்னு மாத்திக்கிடுதேன்” என்றாள் சுகிர்தம்.

வெளியே வந்ததும் ரஹீமுன்னிசா முதல் தடவையாக அவளை “அக்கா” என்று கூப்பிட்டாள்.

சண்டை முடிந்து, ரங்கூன் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கிய வருஷம், தாவூது என்பவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். மரவாடியில் லியாகத் அலியோடு வேலை பார்த்தவர். இருவரும் ஒன்றாகத்தான் நடக்கத் தொடங்கினார்களாம். அரக்கான் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் லியாகத் அலிக்குக் காய்ச்சல் வந்து நடக்க முடியாமல் போய்விட்டது. தாவூது கூட்டத்தோடு மேலே நடந்துவிட்டார்; சண்டை முடியும்வரை வடக்கே எங்கோ பிழைத்துவிட்டு இப்போதுதான் பட்டணம் வந்திருந்தார். பிறகு அந்தக் கிராமமே கலைந்து போனதாகக் கேள்வி. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் கேட்டது ஒன்றுதான்.

“வழியில இன்னா துண்ணீங்க?”

“பாதி நாள் ஒண்ணும் கெடைக்கல. அந்த மலையடிவாரத்துலதான் ஒரு வேதக்காரக் கோயில் இருந்துச்சு. பர்மாக்கார கெய்வி ஒருத்தி எல்லாருக்கும் கஞ்சி ஊத்துனா. அவருக்குப் படுத்த எடத்துக்கே கொண்டாந்து குடுத்தா.”

“குடிச்சாரா?”

“குடிச்சாரும்மா. ரெண்டு வேளையும் குடிச்சாரு. நான் பாத்தேன்.”

தாவூதுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அன்று முழுவதும் அவள் வெளியே வரவில்லை. சுகிர்தம் இரண்டு தடவை கதவருகே வந்து நின்றுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, கொட்டகையில் உலை கொதித்துக்கொண்டிருந்தபோது ரஹீமுன்னிசா தலைமுக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அரிசியைக் கொட்டி, நீளக் கட்டையை எடுத்து, அடிவரைக்கும் விட்டுக் கிண்டத் தொடங்கினாள். வரிசையில் அன்றைக்கு இரண்டு பேர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். சுகிர்தம் அவர்களைக் கூப்பிடவில்லை. மற்றவர்கள் நின்றார்கள்.

மணி அடித்தது. ஜெபம் முடிந்தது. முதலில் வந்தவர் எங்கிருந்தோ நடந்தே வந்தவர் போலிருந்தார்; காலெல்லாம் புழுதி. ரஹீமுன்னிசா அவர் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு ஒரு கல் உப்பைத் தட்டில் போட்டு, சூடாக ஊற்றினாள்.

“குடிங்க. ஆறிடப் போவுது.”