கூப்பிட்டால் வருகிற நாய்

அக்கராயன் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில் அப்புத்துரைக்குக் கிடைத்தது காட்டோரத்துக் கடைசித் துண்டு வயல். யாழ்ப்பாணத்தில் வெங்காயப் பாத்தி கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு இங்கே வந்து குரங்கோடும் மயிலோடும் பன்றியோடும் மல்லுக்கட்ட வேண்டிய தலைவிதி. அதற்காகத்தான் முல்லைத்தீவுக் கருவாட்டு வியாபாரியிடம் ஒரு சிவலை நாய்க்குட்டியை வாங்கி வந்து வீமன் என்று பெயர் வைத்தார். பெயர்தான் வீமன். தவளை பாய்ந்தாலே வைக்கோல் போருக்குள் ஒளிகிற வீமன்.

வளர வளரத் துணிச்சல் வந்தது. பகலில் அவிழ்த்துவிட்டால் ஒரு குரங்கும் வயலுக்குள் கால் வைக்காது. ஆனால் பொழுதுபட முன் அது திரும்பி வந்தே ஆகவேண்டும். பக்கத்து வயல்காரன் தவராசா, காட்டுப் பன்றிக்கென்று மாலையில் கட்டுத்துவக்கு வைப்பவன். குறுக்கே கட்டிய மெல்லிய கம்பியில் கால் தட்டினால் துவக்கு தானாக வெடிக்கும்.

"அண்ணை, விளக்கு வைக்க முன்னம் நாயைக் கட்டிப்போடுங்கோ. துவக்குக்குப் பண்டியெண்டும் நாயெண்டும் தெரியாது," என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்தான்.

அப்புத்துரை விடாமல் மெனக்கெட்டார். முதலில் நீளக் கயிற்றில் கட்டி, "வீமா, வா!" என்று மெல்ல இழுப்பார். வந்ததும் உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருவாடு. பிறகு கயிறில்லாமல் பழக்கினார். வயலின் அந்தத் தலைப்பில் நின்றாலும் குரல் கேட்டதும் காது மடங்கப் பறந்து வந்தது.

"நான் கூப்பிட்டு நீங்கள் ஒருநாளும் இப்பிடி வரேல்லை," என்றாள் மனைவி பத்மாசனி. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

நெல் குடலை தள்ளிக் கதிர் விடப் பார்க்கிற நேரம் இருபத்தொரு நாள் பிள்ளையார் பெருங்கதை விரதம் வந்தது. அப்புத்துரை வருடம் தவறாத விரதகாரர். வலது மணிக்கட்டில் காப்பு நூல் கட்டிவிட்டால், கதை படித்து முடிகிறவரை வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. குசினிச் சட்டிபானையெல்லாம் கழுவிக் கவிழ்க்கப்பட்டன. இருந்த கருவாடு முழுவதும் தவராசா வீட்டுக்குப் போனது.

"நாயைப் பழக்கிறதை அரைவாசியிலை விடப் போறியளே? நான் காப்புக் கட்டேல்லைத்தானே, நான் குடுக்கிறன்," என்றாள் பத்மாசனி.

"விரத வளவுக்கை கருவாட்டு மணம் வரப்படாது. அது என்ரை குரலுக்கு வருது, கருவாட்டுக்கில்லை."

பாவம், மனிதர் அதை உண்மையாகவே நம்பினார்.

முதல் சில நாட்கள் வீமன் வந்தது. வெறுங்கையை மோந்து பார்த்து, அவர் முகத்தைப் பார்த்தது. சோறு நீட்டினார், அவல் நீட்டினார், மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வரவு பிந்தத் தொடங்கியதும் அவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். கருவாடு இருப்பதுபோலக் கையைப் பொத்திக் காட்டினார். நாய் ஓடி வந்தது, ஏமாந்தது. மறுநாளும் ஏமாந்தது. அதன் பிறகு தூரத்தில் நின்று பொத்திய கையைப் பார்த்துவிட்டு, வரம்பில் எலி தோண்டப் போய்விடும்.

மனிதர் கோபித்தால் காலில் விழலாம், நாலு பேரைத் தூது விடலாம். நம்பிக்கை விட்டுப்போன நாயிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது? தினமும் மாலையில் சுற்றி வளைத்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் அவர் அதைப் பிடித்துக் கட்டினார்.

மழை மூட்டத்தில் முன்னதாகவே இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில் அதுவும் நடக்கவில்லை. வீமன் தவராசாவின் வயலைத் தாண்டிக் காட்டுக்கரைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. துவக்கு வழமையாக இருக்கிற இடம் அதுதான். அப்புத்துரை தொண்டை கிழியக் கூப்பிட்டார். அது நின்று பார்த்தது; திரும்பவும் நடந்தது. அவர் ஓடினால் விளையாட்டென்று நினைத்து இன்னும் தள்ளி ஓடியது. கடைசியில் தன் வரம்பிலேயே நின்றுவிட்டார்.

பத்மாசனி தவராசா வீட்டுக்கு ஓடி, ஒரு கை நிறையக் கருவாட்டோடு மூச்சு வாங்க வந்தாள். அவர் காப்பையும் மறந்தார், கதையையும் மறந்தார். வாங்கி உயர்த்திப் பிடித்தார்.

"வீமா, வா!"

காற்று அந்தப் பக்கம்தான் வீசியது. நாய் தலையைத் தூக்கியது. திரும்பியது. பிறகு பழையபடி காது மடங்கப் பறந்து வந்தது. அப்புத்துரைக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் வாய்க்கால் கட்டால் தவராசா கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணை, கூப்பிடாதேங்கோ! இண்டைக்குப் பண்டி வாய்க்காலாலை வருதெண்டு துவக்கை இஞ்சாலை வரம்புக்கு மாத்திப்போட்டன்!"

அந்த வரம்பு நாய்க்கும் அவருக்கும் நடுவில் கிடந்தது.

"நில்லு! வராதை! அங்கை நில்லு!"

இத்தனை நாளும் அவர் பழக்கியது ஒரே ஒரு சொல். நில் என்பதை அவர் பழக்கவேயில்லை. அவர் குரல் எடுத்துக் கத்தினால் அதற்கு ஒரே பொருள்தான். அவர் கருவாட்டை வீசி எறிந்தார், இரண்டு கையாலும் துரத்துவதுபோல வீசினார்.

"வராதையடா, வீமா!"

பெயரைக் கேட்டதும் அது இன்னும் வேகமாக வந்தது.

வெடிச் சத்தம் குளக்கட்டுவரை போய்த் திரும்பியது. புகைக்குள்ளிருந்து வீமன் பின்காலை இழுத்துக்கொண்டு, மிச்சத் தூரத்தையும் வந்து, அவர் காலடியில் விழுந்தது. பத்மாசனி வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்புத்துரை சேற்றில் குந்தி அதன் தலையை மடியில் எடுத்தார்.

"வந்திட்டாய், ராசா. வந்திட்டாய்," என்றார்.