தொண்ணூற்றாறாம் நாள்

“இன்னும் நாலு நாள்தானே அக்கா. பொறுக்கேலாதோ?”

“நான் பொறுப்பன். கைதான் பொறுக்குதில்லை.”

“கதைக்காமல் விரலை நீட்டுங்கோ. ஆரும் வரப்போயினம்.”

“மெதுவா இழு பிள்ளை. உது கை. நண்டுக்கால் இல்லை.”

கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் ஸ்ரெல்லாவை ஒரு கவிழ்த்த வாளியின் மேல் இருத்திவிட்டு, அவளுடைய வலது கையில் சவர்க்கார நுரையைப் பூசி, நீலக் கையுறையை அங்குலம் அங்குலமாக ஏற்றிக்கொண்டிருந்தாள் ஜெயனி. ஸ்ரெல்லா ஆறு வருடமாகப் போடுவது நடுத்தர அளவு. இன்று ஜெயனி களஞ்சியத்தில் ஏதோ பொய் சொல்லி, ஐஸ் சுமக்கும் ஆண்கள் போடுகிற பெரிய அளவில் ஒரு சோடி வாங்கி வந்திருந்தாள். அதுவும் பெருவிரலின் அடியில் முட்டி நின்றது. கடைசி இழுப்பில் ஸ்ரெல்லாவுக்குக் கண் இருண்டது. திரும்ப வெளிச்சம் வந்தபோது கை நீலமாக, வழவழப்பாக, எல்லோருடைய கையையும்போல இருந்தது. இப்போது ஒன்றும் தெரியாது என்றாள் ஜெயனி. அவள் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டபிறகுதான் ஸ்ரெல்லாவுக்குப் பயம் வந்தது.

அரியாலைக் கரையில், கடல்நீரேரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற அந்தக் கட்டடத்தை எல்லோரும் நண்டுக் கம்பனி என்றுதான் சொல்வார்கள். அவித்துக் குளிரவைத்த நண்டை உடைத்து, சதையைப் பிரித்து, தகரப் பேணிகளில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அதன் தொழில். சதை பிரிக்கும் கூடத்தில் முப்பத்தெட்டுப் பெண்கள். பாதிப்பேர் ஸ்ரெல்லாவைப்போலக் குருநகரில் இருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்கள், மற்றவர்கள் அரியாலைக்காரர். கூடத்தின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. ‘விபத்தில்லாத வேலைநாட்கள்’ என்று எழுதி, கீழே ஓர் எண். இன்று தொண்ணூற்றாறு. வருகிற திங்கட்கிழமை நூறு வந்தால் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரு மாதச் சம்பளம் மேலதிகமாகக் கிடைக்கும். அதற்குள் ஒருத்திக்குக் காயம் பட்டு விபத்துப் புத்தகத்தில் ஏறினால், அத்தனை பேருக்கும் எண் பூச்சியத்துக்குப் போய்விடும்.

பலகையைக் கொண்டுவந்தவன் ஆளணி அதிகாரி கோபிசங்கர். கொழும்பில் படித்துவிட்டு வந்த, இன்னும் முப்பது ஆகாத பெடியன். கெட்டவன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். தேத்தண்ணி நேரத்தில் வயதானவர்களுக்குத் தானே கோப்பையை எடுத்துக் கொடுப்பான். வந்த புதிதில் எல்லோரையும் கூட்டி வைத்து, மனிதர் வேலை செய்வது இரண்டு வகையான சந்தோசத்துக்காக என்று விளங்கப்படுத்தினான். ஒன்று வெளியில் இருந்து வருவது, சம்பளம், பரிசு, பாராட்டு. மற்றது உள்ளுக்குள் இருந்து ஊறுவது, அதை ஒருவரும் கொடுக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது. பின்வரிசையில் இருந்த வசந்தினி, “உள்ளுக்கை இருந்து வாறது பசிதான் சேர்” என்றாள். கூடம் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான்.

பலகை வருமுன் கிழமைக்கு மூன்று நாலு கீறல்கள் புத்தகத்தில் ஏறும். ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். பலகை வந்தபிறகு உண்மையாகவே கவனம் கூடியது, ஒருவருக்கொருவர் கத்தியைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு, எந்த நாளில் என்று தெரியாமல், பெண்கள் தங்கள் கைப்பைகளில் சொந்தமாகப் பிளாஸ்டர் கொண்டுவரத் தொடங்கினார்கள். நாற்பத்தோராம் நாள் ஜெயனி ஈரத்தரையில் சறுக்கி, மேசை விளிம்பில் வாய் அடிபட்டு முன்பல் பாதி உடைந்து விழுந்தது. அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வாயைக் கழுவி, வீட்டுக் கிணற்றடியில் விழுந்ததாகச் சொல்லு என்று சொல்லிக்கொடுத்தது வேறு யாருமல்ல, ஸ்ரெல்லாதான். அன்று மத்தியானம் ஒவ்வொருத்தியும் தன் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து ஜெயனிக்குக் கடிக்கத் தேவையில்லாத மெதுவான பங்கை எடுத்துவைத்தாள். அன்றிலிருந்து ஜெயனி உதட்டை மூடித்தான் சிரிப்பாள். மேலதிகச் சம்பளம் வந்ததும் அந்தப் பல்லைக் கட்டுவது என்று முடிவுசெய்திருந்தாள். வசந்தினிக்குக் குசினிக் கூரைக்குத் தகரம். ஸ்ரெல்லாவுக்கு ஒரு மெத்தை. நாற்பத்திரண்டு வயதுவரை அவள் பாயில் மட்டுமே படுத்திருக்கிறாள், ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற மூன்று நாளைத் தவிர.

இந்தக் கிழமை திங்கட்கிழமை, அவிக்காத பச்சை நண்டு தரம்பிரிக்கும் பகுதியில் ஆள் குறைவு என்று மேற்பார்வையாளர் உதயகலா ஸ்ரெல்லாவை அங்கே அனுப்பினாள். அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை. ஒரு நண்டின் ஓட்டுமுள் கையுறையைக் குத்திக்கொண்டு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இறங்கியது. ஒரு சொட்டு இரத்தம். வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தாள். செவ்வாய் விடிய கை பணிஸ்போல ஊதியிருந்தது. போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் ஜெயனியிடம் சொன்னாள். ஜெயனி மேலுதட்டை விரலால் தூக்கி, உடைந்த பல்லைக் காட்டினாள். அவ்வளவுதான்.

இன்று புதன், காலையில் புருசன் வின்சன்ற் கடல்தொழிலால் வந்து, வலையை இறக்கிவிட்டு, அவள் இடது கையால் அடுப்பு மூட்டுவதைப் பார்த்துவிட்டான். வலக்கையை வாங்கிப் பார்த்தான். அவன் பேசியிருந்தால், சத்தம் போட்டிருந்தால் அவள் பயந்திருக்கமாட்டாள். அவன் மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை ஏறிப்போகிற மெல்லிய சிவப்புக் கோட்டைத் தன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு, “இண்டைக்குப் போகாதை” என்று மட்டும் சொன்னான். இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற சிமியோனை இரண்டு பேருமே நினைத்தார்கள், பெயரைச் சொல்லவில்லை. திருக்கை முள் குத்தினதை ஒரு கிழமை பாராமல் விட்டவர் அவர். இப்போது கோவிலில் இரண்டு விரலால் சிலுவை அடையாளம் போடுகிறார். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது, அதனால்தான் என்று ஸ்ரெல்லா தனக்குள் சொல்லிக்கொண்டாள். தனக்குச் சீனி இருக்கிறதா என்று அவள் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. லீவு எடுத்தால் காரணம் கேட்பார்கள். வந்து சும்மா இருங்கோ, தட்டை நாங்கள் நிரப்புகிறோம் என்று கூடத்தில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு பஸ் ஏறினாள்.

கூடத்துக்குள் எப்போதும் குளிர். இன்று அந்தக் குளிர் எலும்புக்குள் போனது. பக்கத்தில் ஜெயனியும் எதிரில் வசந்தினியும் இருந்து, தங்கள் தட்டில் இருந்து பிடிபிடியாகச் சதையை அள்ளி ஸ்ரெல்லாவின் தட்டில் போட்டார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து மணிக்குத் தேத்தண்ணிக்கு எழும்பினால் கையுறையைக் கழற்றவேண்டும் என்பதால் அவள் எழும்பவில்லை. கைக்குள் ஓர் இயந்திரம் ஓடுவதுபோல விண் விண் என்று குத்தியது. பதினொரு மணிபோல அது நின்றது. முதலில் சுகமாக இருந்தது. பிறகு சின்னவிரலை அசைத்துப் பார்த்தாள். அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கோபிசங்கர் கைபேசியோடு வந்தான்.

“ஸ்ரெல்லாக்கா, திங்கட்கிழமை பணிப்பாளர் வாறார். உங்களைத்தான் கதைக்க விடப்போறன். இப்ப சின்னதா ஒரு வீடியோ.”

“எனக்குக் கதைக்கத் தெரியாது சேர்.”

“ஒண்டே ஒண்டு சொன்னாப் போதும். சம்பளத்தை ஒருபக்கம் விடுங்கோ. இந்த வேலையிலை உங்களுக்குச் சந்தோசம் தாறது என்ன?”

மேசையைச் சுற்றிக் கத்திகள் மெதுவாகின. அவளுக்கு அதற்குப் பதில் தெரியும், அதுதான் கொடுமை. நண்டின் பின்துடுப்புக்கு அடியில் முழுதாக ஒரு சதைத்துண்டு ஒளிந்திருக்கிறது. ஓட்டைச் சரியான இடத்தில் தட்டி, கத்தி நுனியை ஒரு மயிரிழை திருப்பினால் அது உடையாமல், வெள்ளை வெளேரென்று, தானாகக் கழன்று உள்ளங்கைக்கு வரும். ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய முதல் துண்டை உதயகலா உயர்த்திப் பிடித்து, “இதைப் பாருங்கோ எல்லாரும்” என்றாள். அன்று பரிசு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் ஸ்ரெல்லா தன் கையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

“முழுசா வரேக்கை” என்றாள். “உடையாமல் வரேக்கை.”

“அதைத்தான் நான் முதல்நாள் சொன்னனான்” என்று கோபிசங்கர் பூரித்துப்போனான். அப்படி ஒரு துண்டை எடுத்துக் காட்டச் சொன்னான். ஜெயனி மேசைக்கடியால் தன் தட்டில் இருந்து ஒன்றைத் தள்ளினாள். ஸ்ரெல்லா அதை இடக்கையால் தூக்கினாள். வெளிச்சம் மற்றப் பக்கம், வலக்கையால் பிடியுங்கோ என்றான் அவன். அவள் வலக்கையைத் தூக்கினாள். தோள்மூட்டில் இருந்து கையை ஒரு விறகுக்கட்டையைப்போலத் தூக்கவேண்டியிருந்தது. நீலமான அந்தக் கை, வெள்ளைச் சதைத்துண்டைத் தாங்கிக்கொண்டு, கைபேசியின் சின்னத் திரைக்குள் வடிவாகத் தெரிந்திருக்கவேண்டும். சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மூச்சுக்கும் நினைத்தாள். முகமூடிக்கு மேலே முப்பத்தேழு சோடிக் கண்கள். அவளுடைய கண்ணால் தண்ணீர் வழிந்தது. கோபிசங்கர் கைபேசியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

“அழாதேங்கோ அக்கா. உங்களைப்போல ஆக்களாலைதான் இந்த இடம் நிக்குது.”

அவன் போனபிறகு அவள் தன் தட்டைப் பார்த்தாள். பதினேழாம் இலக்கம், அவளுடைய இலக்கம். அவசரத்தில் ஆளாளுக்கு அள்ளிப் போட்ட சதை உடைந்து நொருங்கிக் கிடந்தது. நடுவில் சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகள். ஆறு வருடத்தில் அந்த இலக்கத்தில் ஓர் ஓட்டுத்துண்டு போனதில்லை. அதைப் பொறுக்கி எடுக்க வலக்கையை நீட்டினாள். விரல்கள் தட்டைத் தொட்டதைக் கண்ணால் பார்த்தாள். தொட்டது தெரியவில்லை.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கையுறையைக் கழற்றப் பார்த்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள், சவர்க்காரத்தைப் பூசினாள், பல்லால் கடித்து இழுத்தாள். அது வரவில்லை. அதன் விளிம்பு முன்கைக்குள் புதைந்து, மேலே சதை ஒரு வளையமாகத் திரண்டிருந்தது. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். காலையில் முழங்கையில் நின்ற கோடு இப்போது அக்குளுக்குள் போய் மறைந்தது. மாதாவே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு ஏதோ சத்தம். கதவுக்கு வெளியே யாரோ நின்று, “அக்கா, ஓகேயோ?” என்று இரகசியமாகக் கேட்டார்கள். ஜெயனியாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். நாற்பத்தோராம் நாள் ஜெயனியின் வாயைக் கழுவிவிட்டு இதே கழிப்பறையில் தானும் நின்றதை ஸ்ரெல்லா நினைத்தாள். அன்று தன் குரலும் இவ்வளவு அன்பாகத்தான் இருந்திருக்கும்.

வெளியே வந்தவள் தன் இடத்துக்குப் போகவில்லை. மேசைகளுக்கு நடுவால், ஒவ்வொரு மேசை விளிம்பையும் இடக்கையால் பிடித்துப் பிடித்து, கூடத்தின் மற்றத் தொங்கலில் இருந்த உதயகலாவின் மேசைக்குப் போனாள். இரண்டு நாளாக உதயகலா அவள் இருந்த பக்கமே திரும்பியதில்லை. திங்கட்கிழமை அவளைப் பச்சை நண்டுக்கு அனுப்பியது யார் என்று உதயகலாவுக்குத் தெரியும். இப்போதும் அவள் ஏதோ தாளில் கோடு போட்டபடி இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணியில் கத்தரிக்கோல் தொங்கியது. அந்தக் கூடத்துக்கு அது ஒன்றுதான். சதைக்குள் இரும்போ றப்பரோ விழுந்துவிடாமல் இருக்க, அதை யார் எடுத்தாலும் நேரமும் பெயரும் என்ன காரணம் என்பதும் மேசையில் விரித்துக்கிடக்கிற கொப்பியில் எழுதவேண்டும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் கோபிசங்கர் அந்தக் கொப்பியில் கையெழுத்து வைப்பான்.

ஸ்ரெல்லா கையைத் தூக்கி அந்தக் கொப்பியின் மேல் வைத்தாள்.

உதயகலா பார்த்தாள். கோடு போட்ட பேனை நின்றது. பின்னால் ஒரு மேசையில் கத்தி ஓய்ந்தது, பிறகு அடுத்த மேசையில், பிறகு எல்லா மேசையிலும். ஐஸ் உருகித் தரையில் சொட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள், ஆனால் காலடிச் சத்தம் வரவில்லை. விரித்த தாளின் மேல், காரணம் என்று எழுதிய கட்டத்தை முழுதாக மறைத்துக்கொண்டு, அந்தக் கை நீலமாகக் கிடந்தது. விரல்கள் ஒன்றையொன்று நெருக்கி, கையுறையின் நுனிகள் வெளிறிப் பளபளத்தன.

“கழட்டேலாமல் கிடக்கு மிஸ்” என்றாள் ஸ்ரெல்லா.

உதயகலா சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. ஸ்ரெல்லாவின் முகத்தையும் பார்க்கவில்லை. கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே என்ன பார்க்கிறாள் என்று திரும்பிப் பார்க்க ஸ்ரெல்லாவுக்குத் துணிவு வரவில்லை.

“அந்தக் கத்தரிக்கோலை எடுத்து ஒருக்கா வெட்டிவிடுங்கோ, மிஸ்.”