தளபதிக்குப் போட்ட முகம்

“இந்த ஆளுக்குக் கன்னத்துல வெட்டு எப்படிம்மா வந்துச்சு?” என்று முதலாளி ஒருமுறை அவளைக் கேட்டார்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பள்ளிப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டும் சார்ட்டுகளை அச்சடிக்கும் அச்சகத்தில் படம் வரையும் வேலை. ஒரு தாளில் பன்னிரண்டு தலைவர்கள். பதினொரு பேருக்குப் பார்த்து வரையப் படம் இருந்தது. பன்னிரண்டாமவர் பழைய காலத்துத் தளபதி. அவர் எப்படி இருந்தார் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஏதாவது ஒரு மூஞ்சியைப் போடு என்று முதலாளி சொல்லிவிட்டார். அவள் தன் அப்பாவின் முகத்தைப் போட்டாள்.

அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரே ஒரு போட்டோ அவர் வேலை பார்த்த காகித ஆலையின் அடையாள அட்டையில் இருந்தது. அவர் போனதும் ஆலைக்காரர்கள் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தங்கை அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவளுக்குக் காட்டவாவது ஒரு முகம் வேண்டாமா? மெஷின் பெல்ட் அறுந்து அடித்த தழும்பைக்கூட விடாமல் இடக் கன்னத்தில் வரைந்து வைத்தாள்.

இதையெல்லாம் முதலாளியிடம் எப்படிச் சொல்வது? நாலு பேர் எதிரில் வாயைத் திறப்பதென்றாலே கூச்சம் அவளுக்கு. போரில் பட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள். முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. சார்ட்டின் பின்பக்கத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்து அச்சடித்துவிட்டார்.

அந்த ஒரு வரிக்குக் கை கால் முளைத்தது. பாடப்புத்தகத்தில் ஏறி உட்கார்ந்தது. எந்தப் போர், எந்த வாள், வெட்டியவன் எந்தக் கையால் வெட்டினான் என்பது வரை மேடையில் பேசுகிறவர்கள் சொன்னார்கள். தங்கை ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பரீட்சையிலேயே கேட்டார்கள்: தளபதியின் கன்னத் தழும்புக்குக் காரணம் யாது? இரண்டு மதிப்பெண். ஆலையில் பெல்ட் அறுந்து அடித்தது, அவர் என் அப்பா என்று தங்கை எழுதினாள். டீச்சர் அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். அன்று ஒட்டிக்கொண்ட ‘இளவரசி’ என்ற பட்டப்பெயர் பள்ளிக்கூடம் முடியும்வரை அவளை விடவில்லை.

“நீ ஒரு வார்த்தை வந்து சொல்லேன்க்கா” என்று அழுதாள்.

அக்கா பள்ளிக்கூட வாசல் வரை போனாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தங்கை அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. அழுகிற பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுவதுபோல அக்கா யாரோ ஒரு தளபதியைக் காட்டி ஏமாற்றியிருக்கிறாள் என்று அவள் முடிவுகட்டிவிட்டது அக்காவுக்குத் தெரியும். எடுத்துச் சொல்ல அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை.

ஆகவே, படம் வெளிவந்து இருபத்து நாலு வருடம் கழித்து, தளபதியின் முகம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு அருங்காட்சியகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் அவள் இன்னும் வேலை பார்க்கும் அந்த அச்சகத்துக்கு வரப்போகிறார் என்றதும், அவள் முதலில் போன் செய்தது தங்கைக்குத்தான். அவர் எழுதிவிட்டால் அது எழுத்து. எந்த டீச்சரும் சிரிக்க முடியாது. தங்கை தான் வேலை செய்யும் மருந்துக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

“வந்து உக்காருறேன். என்னை எதுவும் பேசச் சொல்லாத” என்றாள்.

ஆய்வாளர் தங்கமான மனிதர். அக்கா திக்கித் திணறிச் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மேஜையில் மூன்று போட்டோக்களைப் பரப்பினார். தெருமுனையில் நிற்கும் சிலை, ஒரு மண்டபத்தின் சுவர் ஓவியம், ஒரு பெரிய வீட்டுக் கூடத்தில் தொங்கும் ஆயில் பெயிண்டிங். கடைசிப் படம் நூறு வருடப் பழசு என்று அந்த வீட்டுக்காரர்கள் சாதிக்கிறார்களாம். மூன்றிலும் தழும்பு இருந்தது.

“சின்ன வயசுல நீங்க இதை எங்கயாவது பார்த்திருக்கலாம்ல மேடம்? பார்த்தது மறந்துபோயிடும், நாமளே யோசிச்ச மாதிரி இருக்கும். எனக்கே நடந்திருக்கு.”

அவள் ஆயில் பெயிண்டிங்கை உற்றுப் பார்த்தாள். தளபதியின் காதில் சிவப்புக் கல் கடுக்கன். முதல் தடவை அச்சடித்தபோது சிவப்பு மை கொஞ்சம் நகர்ந்து, காதோரம் ஒரு பொட்டு தனியாக விழுந்துவிட்டது. தாளை வீணாக்க மனமில்லாமல் முதலாளி அப்படியே விற்றுவிட்டார்.

“அந்தக் கடுக்கன் எங்க மெஷின் பண்ணின தப்பு சார். எங்க சார்ட்டைப் பார்த்துத்தான் இதை வரைஞ்சிருக்காங்க.”

தங்கை தலையைத் தூக்கினாள். ஆய்வாளர் ஆர்வமாகக் குறித்துக்கொண்டு, அந்த முதல் அச்சுத்தாள் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். எங்கே கிடைக்கும்? சார்ட்டை யார் பத்திரப்படுத்தி வைக்கிறார்கள்? பிள்ளைகள் வெட்டி ஒட்டுகிற நோட்டும் வருடக் கடைசியில் எடைக்குப் போய்விடும். தாள் கையில் இல்லாவிட்டால், கடுக்கனைப் பார்த்துத்தான் அவள் பொட்டு வைத்தாள் என்று எவரும் திருப்பிச் சொல்லலாமே என்றார் அவர், சங்கடப்பட்டுக்கொண்டே.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணு பண்ணுங்க. உங்க அப்பாவை வரைங்க. தலைப்பாகை, கவசம் எதுவும் வேணாம். வீட்டுல எப்படி உக்காந்திருப்பாரோ அப்படி” என்றார்.

இதைவிட லேசான வேலை உண்டா? அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். நெற்றி வந்தது, கன்னம் வந்தது, தழும்பு வந்தது. தங்கை எழுந்து அக்காவின் முதுகுப்பக்கம் வந்து நின்றாள். அவள் மூச்சு தோளில் படுவது தெரிந்தது. கை இன்னும் வேகமாக ஓடியது.

முறுக்கு மீசையைப் போட்டு முடித்த பிறகுதான் அக்காவின் கண் அதைப் பார்த்தது.

அப்பாவுக்கு மீசை கிடையாது. காகிதத் தூசி ஒட்டுகிறதென்று தினமும் மழித்துவிடுவார். மீசையில்லாத தளபதியை எவன் வாங்குவான் என்று முதலாளி போடச் சொன்ன மீசை அது.

ரப்பரை எடுத்து அழித்தாள். அழித்த இடத்தில் அப்பாவின் வாய் வரவேண்டும். பென்சில் தாளுக்கு மேலே நின்றது. மேலுதடு மெல்லிசா, தடியா? சிரித்தால் எந்தப் பக்கம் கோணும்? வருடா வருடம் மறுஅச்சுக்காக அவளே திரும்பத் திரும்ப வரைந்த மீசை அந்த வாயின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. மூக்கைப் பார்த்தாள். அது தெருமுனைச் சிலைக்குச் சிற்பி நீட்டிவிட்ட மூக்கு. கண்ணைப் பார்த்தாள். எங்கோ எதிரியைப் பார்க்கிற கண். அப்பா எதிரியைப் பார்த்தவரில்லை. எதைப் பார்த்தார், எப்படிப் பார்த்தார்?

“பரவால்ல மேடம்” என்றார் ஆய்வாளர். போட்டோக்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்தார். நோட்டில் ‘மூலம் தெரியவில்லை’ என்று அவர் எழுதுவதை அவள் தலைகீழாகப் படித்தாள்.

“குட்டி, இது அப்பா இல்லடி. அப்பாவுக்கு வாய் வந்து…” என்று திரும்பினாள்.

தங்கை தாளைப் பார்த்தாள். அக்காவின் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.