கிம்ச்சி மசாலாவும் ஒன்பதாவது கேள்வியும்

மூட்டுவலிக்காரர்களின் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றைக் கொரியாக்காரர்களுக்கு ஏற்றபடி மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஒன்பதாவது கேள்வி, 'வீட்டுப் புல்வெளியை வெட்ட முடிகிறதா?' சோங்ஜு நகரில் பதினாலாவது மாடியில் குடியிருப்பவர் எந்தப் புல்லை வெட்டுவார்? அதை அடித்துவிட்டு, 'குளிர்காலக் கிம்ச்சி போடுவதில் எவ்வளவு கஷ்டம்?' என்று எழுதினேன். குளிர்காலம் வருமுன் வீடுதோறும் கோசை மசாலாவில் பிசைந்து வருஷத்துக்கே ஊறுகாய் போடும் வேலை அது. என் பேராசிரியர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் வந்தவர் ஒக்-பூன் அம்மா, அறுபத்தெட்டு வயது. கூடவே கணவர் தே-சிக். அம்மா மேஜையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் ஒன்பது கேள்விக்கும் 'கொஞ்சமும் கஷ்டமில்லை' என்று மளமளவென டிக் அடித்துத் தாளை நீட்டினார். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"கிம்ச்சிக் கேள்விக்கு எதை நெனச்சு இதைப் போட்டீங்கம்மா?" இப்படிக் குடைவதுதான் எங்கள் வேலையே.

"நெனைக்க என்ன இருக்கு? நூறு கோசு. முப்பத்தஞ்சு வருஷமா மசாலா என் கையாலதான்."

"பொய் சொல்றா," என்றார் கணவர். "குளியலறையிலேருந்து நேத்து நான்தான் தூக்கிவிட்டேன்."

"நீங்க சும்மா இருங்க! உங்களையா கேட்டாங்க?" அம்மா என் பக்கம் சாய்ந்தார். "இங்க பாரும்மா, கஷ்டம்னு போட்டா இந்த மனுஷன் நேரா தன் தங்கச்சி மால்-ஜாகிட்ட போய் ஓதிடுவாரு. சனிக்கிழமை கிம்ச்சி போடறப்ப அவ வந்து மசாலா அண்டாவைப் பிடுங்கிக்குவா. அவ கை பட்டா ஒரே உப்பு. வருஷம் பூரா என் வீட்ல அவ கிம்ச்சியைத் தின்னுக்கிட்டு, அப்புறம் நான் எதுக்கு?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மால்-ஜாகிட்ட சொல்லியாச்சு," என்றார் தே-சிக்.

"அடப்பாவி மனுஷா!"

"வரவேணாம்னு சொல்லியாச்சு. கோவிச்சுக்கிட்டா. நான் பிசையிறேன், நீ உட்கார்ந்து ருசி பார்த்துச் சொல்லு."

"நீங்களா? வெந்நீர் வைக்கத் தெரியாது உங்களுக்கு!"

"ரப்பர் கையுறைகூட வாங்கிட்டேன். பெரிய சைஸு."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தாளை என்னிடமிருந்து பிடுங்கி, ஒன்பதாவதில் 'செய்யவே முடியவில்லை' என்று மாற்றினார். அதோடு விடவில்லை. மாடிப்படி, நடை, தூக்கம் என்று மேலே இருந்த எட்டையும் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினார்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கணவரின் முகம் மாறிப்போனது.

"தூக்கமுமா?" என்றார்.

"ரெண்டு வருஷமாச்சு," என்றார் அம்மா.