ஏரோப்ளேன்காரனின் லாபம்

செம்மங்குப்பத்துத் தூள் கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியதில்லை. ஏறுவது இருக்கட்டும், கிட்டத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை. அப்படிப்பட்டவர்கள் 2010-ஆம் வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரங்களில், கடல் கடந்த ஊரில் விமானம் கட்டுகிற ஒரு கம்பெனிக்கு லாபம் வரவேண்டுமென்று வேண்டாத தெய்வமில்லை. தூள் காய்ச்சுகிற ரியாக்டரை ஓட்டுகிற ஆண்டி திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டான். மூட்டை கட்டுகிற சவரியம்மாள் முதுநகர் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். பெற்ற பிள்ளைக்கு வேண்டிக்கொள்ளலாம், கட்டின புருஷனுக்கு வேண்டிக்கொள்ளலாம். ஏரோப்ளேன்காரனுக்கு வேண்டிக்கொண்ட ஊரை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

இத்தனைக்கும் காரணம் சகாயசெல்வி. அவளும் மூட்டை கட்டுகிறவள்தான். பிளஸ் டூ படித்தவள், வாய் திறந்து கேட்க அஞ்சாதவள். அந்த வாய்தான் அவளை இதில் கொண்டுவந்து மாட்டியது.

விமானத்துக்குள் உட்காருகிறவர்களின் பக்கத்தில் சுவர் மாதிரிப் பலகை இருக்கிறதல்லவா, அதை ஒட்டுகிற பிசினில் ஒரு மஞ்சள் தூள் கலக்கிறார்கள். அந்தத் தூளைத்தான் இங்கே காய்ச்சி, உலர்த்தி, கப்பலேற்றினார்கள். உலகமெல்லாம் பணம் முடங்கிப்போன வருஷத்தில் ஏரோப்ளேன்காரனிடம் விமானம் கேட்பார் இல்லை. அவனுக்கு நஷ்டம். இங்கே ஆர்டர் பாதியாகிவிட்டது. முதலாளி ஞானசேகரன் 2009 ஆயுத பூஜையன்று, பூசணிக்காய் உடைத்த கையோடு, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு என்று சொன்னார். நல்ல காலம் வந்ததும் பழைய சம்பளம் தருவதாகவும் சொன்னார். எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பொரியைக் கொறித்தார்கள். சகாயசெல்வி மட்டும் விடவில்லை.

"நல்ல காலம்னா எது சார்? நாளைக்கு நீங்க ஒண்ணு சொல்வீங்க, நாங்க ஒண்ணு சொல்வோம். எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரு அடையாளம் சொல்லுங்க."

ஞானசேகரன் யோசித்தார். "அந்த ஏரோப்ளேன் கம்பெனி மூணு மாசத்துக்கு ஒருக்கா லாபமா நஷ்டமான்னு ஊருக்கே சொல்லுது. எந்தக் காலாண்டுல லாபம்னு சொல்லுதோ, அந்த மாசமே உங்க பழைய சம்பளம். போதுமாம்மா?"

"சத்தியமா?"

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மனுஷன் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தார். கூட்டம் கைதட்டியது. ஏரோப்ளேன்காரன் நன்றாயிருந்தால் நாமும் நன்றாயிருப்போம் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகமில்லை, முதலாளி உட்பட.

காலாண்டு என்றால் அந்த ஜனங்களுக்குத் தெரிந்தது பிள்ளைகளின் காலாண்டுப் பரீட்சைதான். அதனால் இதையும் பரீட்சையாகவே வைத்துக்கொண்டார்கள். "ஏரோப்ளேன்காரன் பாஸா, பெயிலா?" சகாயசெல்வியின் மகள் பெலிசியா மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்து அம்மாவுக்குப் போன் செய்வாள். மூன்று தடவை பெயில். மூன்று தடவையும் சகாயசெல்விதான் எல்லார் முகத்தையும் பார்த்து அதைச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தடவையும் சவரியம்மாள், காடாம்புலியூர் முந்திரிக் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள், போய்விடுகிறேன் என்று கிளம்பினாள். சகாயசெல்விதான் பிடித்து நிறுத்தினாள்.

"யக்கா, நஷ்டம் கொறஞ்சிக்கிட்டே வருதாம். இன்னும் ஒரே ஒரு காலாண்டு பாரு. ஒனக்கு நான் பொறுப்பு."

சவரியம்மாளுக்கு ஊனமுற்ற தம்பி ஒருவன், வீட்டோடு. வெட்டுச் சம்பளத்தில் அவன் மாத்திரையும் பாதியானது. அப்படியும் அவள் இருந்தாள். இந்த முறை பெயிலானால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று சகாயசெல்விக்குத் தூக்கமே வரவில்லை.

அக்டோபர் கடைசியில் அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் பெலிசியாவின் போன் வந்தது.

"அம்மா! பாஸும்மா! பெரிய லாபமாம். பேப்பர்லயெல்லாம் அதான் பேச்சாம். கம்பெனி மீண்டு வந்துடுச்சுன்னு போட்டிருக்குது."

சகாயசெல்வி போட்ட கூச்சலில் ஆண்டி ரியாக்டரை விட்டு ஓடிவந்தான். சவரியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த சரவெடியைக் கொண்டுவந்து வாசலில் கொளுத்தினார்கள். பாதி நமுத்துப் போயிருந்தது, மீதி வெடித்தது. ஒரு வருஷமாக அடைபட்டிருந்த மூச்சு அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

முதலாளிக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். அணைத்து வைத்துவிட்டார்.

"சார்ஜ் இருக்காது," என்றான் ஆண்டி.

அவர் ஒரு வாரமாகக் கம்பெனிப் பக்கம் வராதது அப்போதுதான் சகாயசெல்விக்கு நினைவுக்கு வந்தது. "நான் நேர்லயே போயி சொல்லிட்டு வர்றேன்," என்று குடையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் தண்ணீரில் ஊர்ந்து போயிற்று. ஒன்றுமிருக்காது, ஒன்றுமிருக்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

ஞானசேகரன் வீடு மேலவீதிக்குப் பின்னால். கதவைத் திறந்த மனிதரைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. சவரம் செய்து நாலு நாள் இருக்கும்.

"லாபம் வந்துடுச்சு சார்."

"தெரியும்மா. உக்காரு."

"ஒக்காரலாம் சார். மொதல்ல நல்ல வார்த்த சொல்லுங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அவனுக்கு லாபம் எப்படி வந்துதுன்னு நெனக்கிற? விமானம் ஜாஸ்தி வித்து மட்டும் வரல. இது வரைக்கும் இந்தத் தூள ஏழெட்டுப் பேரு கிட்ட வாங்கிட்டு இருந்தான். இனிமே ரெண்டே பேராம். யாரு அடிமட்ட ரேட்டு சொல்றாங்களோ அவுங்களுக்கு மொத்த ஆர்டர். போன வாரமே மெட்ராஸ் ஏஜெண்டு சொல்லிட்டான். செலவக் கொறச்சான், லாபம் வந்துடுச்சு. கொறஞ்ச செலவு யாரு? நாமதான்."

சகாயசெல்விக்குக் காது அடைத்தது. அடிப்பாவி மக்களா! மெழுகுவத்தி ஏற்றி, மொட்டைக்கு நேர்ந்து, நம் கழுத்துக்கு நாமே கயிறு திரித்திருக்கிறோமே!

"அப்ப ஆர்டர் போயிடுச்சா?"

"போகல. ஒரு வழி இருக்கு." ஞானசேகரன் குரலைத் தாழ்த்தினார். "வெட்டுச் சம்பளம் இன்னும் ஒரு வருஷம் அப்பிடியே இருக்கணும். முடிஞ்சா இன்னும் கொஞ்சம் கொறையணும். அப்ப அந்த ரேட்டு எனக்குக் கட்டும். இத நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீ சொன்னா கேப்பாங்க. பெயில்னு மூணு தடவ சொன்னவதானே, இதயும் பக்குவமா சொல்லு. ஒன்ன சூப்பர்வைசராப் போட்டுடறேன். ஒனக்கு மட்டும் பழைய சம்பளம்."

பழைய சம்பளம். பெலிசியாவுக்கு அடுத்த வருஷம் காலேஜில் கடைசி வருஷம். அந்த ஒரு நிமிஷத்தில் சகாயசெல்வியின் மனசு எங்கெல்லாம் போய் வந்தது என்று அவளுக்கும் மாதாவுக்கும் மட்டுந்தான் தெரியும். கையிலிருந்த போன் அலறியது. சவரியம்மாள்.

"மொதலாளி என்னா சொன்னாரு? நாங்க யாரும் வூட்டுக்குப் போவல. வாசல்லியே இருக்கறோம். மால கூட வாங்கியாச்சு."

சகாயசெல்வி போனைக் கைப்பைக்குள் வைத்தாள். "சார், சத்தியம் கேட்டது நான். பண்ணது நீங்க. வாங்க, ரெண்டு பேருமாப் போயி சொல்லுவோம்."

"எனக்கு ஒடம்பு சரியில்லம்மா."

"எனக்கும்தான் சரியில்ல. கிளம்புங்க சார்."

ஞானசேகரனின் காரில் புறப்பட்டார்கள். காரின் கண்ணாடியை மழை அறைந்துகொண்டிருந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் ஞானசேகரன் டிரைவரை வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். தண்ணீர் குடித்தார். "அடிச்சிடுவாங்களா?" என்று கேட்டார். சகாயசெல்வி, "தெரியாது சார்," என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. முதல் அடி தனக்குத்தான் விழும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

கார் வாசலில் நின்றதும் மிச்சமிருந்த வெடியைக் கொளுத்திவிட்டார்கள். ஆண்டி ஓடிவந்து கதவைத் திறந்து, முதலாளி கீழே இறங்குவதற்குள் கழுத்தில் மாலையைப் போட்டான். நனைந்த கதம்ப மாலை. சவரியம்மாள் ஒரு ஜாங்கிரியை அவர் கையில் திணித்தாள். ஞானசேகரன் அந்த ஜாங்கிரியையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து," என்று ஆரம்பித்தார். "பழைய சம்பளம்... அது வந்து... பாக்கலாம்... செய்வோம்..."

ஹோவென்று ஆரவாரம். பின்னால் நின்றவர்கள் விசிலடித்தார்கள். அந்த மனுஷன் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது பாருங்கள், அதைப் பார்த்ததும் சகாயசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சத்தம் அடங்குவதற்குள் சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லவே முடியாது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். "கைதட்டாதீங்க. ஏரோப்ளேன்காரன் பாஸுதான். நம்மளக் கழிச்சுக் கட்டிட்டுப் பாஸாயிருக்கான்."

ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். இரண்டே பேருக்கு ஆர்டர், அடிமட்ட ரேட்டு, வெட்டுச் சம்பளம் இன்னும் ஒரு வருஷம். தனக்குச் சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொன்னதையும் சொன்னாள்.

ஆண்டிதான் முதலில் வெடித்தான். முதலாளியிடம் அல்ல, அவளிடம். "நீதானேக்கா அடையாளம் கேட்ட? ஒன் பேச்சக் கேட்டுத்தானே ஒரு வருஷம் வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கெடந்தோம்? எம்மாமன் திருப்பூருக்குக் கூப்ட்டப்பவே போயிருப்பேனே!"

அவன் சொன்னதில் எது பொய்? சகாயசெல்விக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சவரியம்மாள் என்ன சொல்லப் போகிறாளோ என்று அவள் பக்கம் திரும்பவே பயமாயிருந்தது.

சவரியம்மாள் முன்னால் வந்தாள். "அவள ஏண்டா கத்தற? அவளா ரேட்ட கொறச்சா?" பிறகு முதலாளியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க சார். இந்த மாசம் முழுச் சம்பளம் குடுத்தா என்னா ஆவும்?"

"அந்த ரேட்டுக்கு என்னால முடியாதும்மா. கையில இருக்கற ஆர்டர் முடிஞ்சதும் கம்பெனிய மூட வேண்டியதுதான்."

"சரி. வெட்டுச் சம்பளத்துக்கு நாங்க ஒத்துக்கறோம்னு வையுங்க. அடுத்த காலாண்டுக்கு அவன் இன்னும் லாபம் காட்டணும்பானே, அப்ப இன்னும் கொறன்னு கேக்க மாட்டானா?"

ஞானசேகரன் கையிலிருந்த ஜாங்கிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேப்பான்," என்றாள் சவரியம்மாள். "பாஸான புள்ள அடுத்த தடவ இன்னும் ஜாஸ்தி மார்க்குக்குத்தான் ஆசப்படும். கற்பூரத்த அணச்ச கைய நீட்டுங்க சார். எங்க பழைய சம்பளத்தக் குடுத்துடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

பெண்கள் ஒவ்வொருவராக அவள் பின்னால் போய் நின்றார்கள். கடைசியில் ஆண்டியும் போனான். ஞானசேகரன் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "குடுத்துடறேன்," என்று சொன்ன குரல் பக்கத்திலிருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவரையும் சும்மா சொல்லக்கூடாது, தீபாவளிக்கு முந்தின நாள் எல்லோர் கையிலும் முழுச் சம்பளம் இருந்தது. ஆண்டி மொட்டையும் போட்டுக்கொண்டான். நேர்ந்தது நேர்ந்ததுதானே என்றான்.

கார்த்திகை முடிவதற்குள் தூள் கம்பெனி வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

டிசம்பரில் ஒரு காலை, சவரியம்மாளும் சகாயசெல்வியும் பண்ருட்டியில் பஸ் மாறிக் காடாம்புலியூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சவரியம்மாள்தான் சொல்லி அவளுக்கும் ஓர் இடம் பிடித்திருந்தாள், முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. தன்னால் ஒரு வருஷத்தை இழந்தவள் தனக்கே வேலை தேடிக் கொடுத்திருக்கிறாள் என்பது சகாயசெல்வியை உறுத்திக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே முந்திரிக் காடு ஈரமாக ஓடியது. ஊர் நெருங்க நெருங்க அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யக்கா, கோவிச்சுக்காத. ஒண்ணு கேக்கறேன். நாம ஒடைக்கிற பருப்ப யாரு வாங்கறாங்க?"

"வெளிநாட்டுக்குத்தான் போவுதாம். ஏரோப்ளேன்ல போறவங்களுக்குச் சின்னச் சின்னப் பொட்டலமாப் போட்டுக் குடுப்பாங்களாமே, அதுக்காம்." சவரியம்மாள் சாவகாசமாகச் சொன்னாள். "ஏன்டி, எதுக்குக் கேக்கற?"

சகாயசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பெலிசியாவைக் கூப்பிட்டாள்.

"பெலிசியா, அந்த ஏரோப்ளேன்காரனுக்கு அடுத்த ரிசல்ட் எப்பன்னு பாத்து வையி."